வாவி மீனைக் காக்க எந்த விதியைத் தேர்வது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் மீனவர் சங்கம், வருகிற மாரிக்கு முன் ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். வாவியில் மீன் குறைந்துவிட்டது என்பதில் சங்கத்துக்குள் இரண்டு கருத்து இல்லை. பெரிய மணலை மீனும் கொடுவா மீனும் ஏலத்துக்கு வருகிற நாட்கள் அரிதாகிவிட்டன. கூடையில் விழுவதில் பெரும்பகுதி விரல் நீளம் தாண்டாத குஞ்சுகளாக இருக்கிறது. ஒரு வீச்சுவலையை வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் இன்று இரண்டு, மூன்று தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலைகளை இரவு முழுவதும் போட்டுவிட்டு, விடிகாலையில் அரைக்கூடையோடு திரும்புகிறார்கள். என்ன செய்வது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. சில மாதங்களுக்கு மீன்பிடியையே நிறுத்தச் சொல்கிறார்கள் சிலர். கண்டல் (அலையாத்தி) காட்டையொட்டிய நீர்ப்பகுதியை மூடச் சொல்கிறார்கள் வேறு சிலர். வலைக்கண்ணைக் கட்டுப்படுத்தினால் போதும் என்போர், தோணிகளை மட்டுப்படுத்தி முறை வைத்துப் பிடிக்கலாம் என்போர், குஞ்சு விடுமாறு அரசைக் கேட்கலாம் என்போர் எனப் பலர் இருக்கிறார்கள். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைச் சில வருடங்கள் எழுதியவன் என்ற முறையில், இந்த ஐந்து வழிகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வாவி எப்படிப்பட்டது என்பதை மனத்தில் இருத்த வேண்டும். வேறிடத்தில் வென்ற ஒரு விதி இங்கே தோற்குமானால், அதற்கான காரணம் பெரும்பாலும் நீரின் இயல்பில்தான் இருக்கும். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கி, மட்டக்களப்பு நகரைச் சுற்றி வளைந்து, தெற்கே அம்பாறை மாவட்டத்தின் கல்முனை வரை செல்கிறது. கடலோடு அது சேரும் வாய்கள் பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாறும்தான். கோடையில் மணல் திட்டு வாயை அடைத்துவிடும். மாரி வெள்ளத்தில் அது தானாக உடையும், அல்லது வெட்டி விடப்படும். இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு அந்த வாய் வழியாக உள்ளே வந்து, கண்டல் வேர்களுக்கிடையிலும் நீருக்கடியில் வளரும் புல்லிலும் ஒதுங்கி வளர்ந்து, முதிரும்போது மீண்டும் கடலுக்குப் போகிறது. சேற்று நண்டின் பெண்ணும் முட்டையிடுவதற்குக் கடலை நோக்கிப் போகும். ஆகவே எங்கள் கரையில் வளர்ந்த இறாலை முகத்துவாரத்தில் ஒருவர் பிடிக்கிறார்; அங்கே தப்பியதைக் கடலில் இன்னொருவர் பிடிக்கிறார்; அங்கேயும் தப்பியது இட்ட முட்டைதான் பிறகு எங்கள் கூடைக்கு வந்து சேர்கிறது. எந்த ஊரும் இந்த மீனைத் தனக்கென்று வேலியடைத்து வைத்துக்கொள்ள முடியாது.

இதனால் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். ஒருவர் விதியை மீறினால், கரையில் நிற்கும் எங்கள் கண்ணுக்கு அது தெரியுமா? விதியால் முதலில் அடுப்பு அணையப்போகும் வீடு எது? மீன் எவ்வளவு பெருகும் என்பதை இவற்றுக்குப் பிறகுதான் கேட்கிறேன். காவல் செய்ய முடியாத விதி, ஏட்டில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாவியில் ஒரு குஞ்சையும் காப்பாற்றாது.

தடைக்காலம் என்றதும் எல்லோரும் சுட்டிக்காட்டுவது தமிழ்நாட்டை. அங்கே கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2017க்கு முன் அது 45 நாட்களாக இருந்தது. அந்தத் தடைக்கு இரண்டு தூண்கள் இருக்கின்றன. படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடப்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். தொழில் நின்ற நாட்களுக்கு அரசு குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை கொடுக்கிறது. எங்களிடம் இரண்டும் இல்லை. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலைச் சங்கத்தில் ஒருவர் எடுத்துக்காட்டினார். அது எங்கள் நிலைக்குச் சற்று நெருக்கமானது. அங்கே மட்டி எடுப்போர் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை, மட்டி இனப்பெருக்கம் செய்யும் காலத்தில், ஓய்ந்திருக்கிறார்கள். அந்த மட்டித் தொழிலுக்கு 2014இல் சர்வதேச நிலைபேறுச் சான்றிதழும் கிடைத்தது. ஆனால் மட்டி ஓரிடத்தில் கிடப்பது, ஒரே இனம், முட்டையிடும் மாதம் தெரிந்தது. எங்கள் வாவியில் இறாலுக்கு ஒரு காலம், மணலைக்கு ஒரு காலம், திலாப்பியாவுக்கு வருடம் முழுவதும் காலம். எந்த மாதத்தை மூடுவது?

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் உண்டு. வாடைக்காற்று வீசும் நவம்பர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கிறது. கடலுக்குப் போக முடியாதவர்களும் அப்போது வாவிக்குள் வலை போட வருகிறார்கள். முகத்துவாரம் திறந்து குஞ்சுகள் உள்ளே வருவதும் அதே காலத்தில்தான். விதைப்பு வேலை முடிந்து, அறுவடைக் கூலி இன்னும் தொடங்காத இடைவெளியும் அதுதான். மீனுக்கு ஓய்வு மிகவும் வேண்டிய மாதங்களில் மனிதருக்கு வாவி மிகவும் வேண்டியிருக்கிறது. நிவாரணம் எதுவும் இல்லாமல் அந்த மாதங்களை மூடினால் இயந்திரப் படகும் சேமிப்பும் உள்ளவர் தாங்குவார். வீச்சுவலை மட்டும் உள்ளவர் இரவில் இருட்டோடு இருட்டாகத் தோணியை இறக்குவார். அவரைக் குற்றவாளியாக்கும் விதியை என்னால் ஆதரிக்க முடியாது. ஆகவே முழுமையான தடைக்காலத்தை நான் தேர்வுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். அதன் ஒரு சிறு துண்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: வயிற்றில் சினை தெரியும் நண்டை எந்த மாதத்திலும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவது. சினை கண்ணுக்குத் தெரிகிறது. விடுவதால் ஒருவர் இழப்பதும் ஒன்றிரண்டு நண்டுதான்.

இரண்டாவது வழி, வாவியின் ஒரு பகுதியை மூடுவது. மடகாஸ்கரின் தென்மேற்குக் கரையில் ஒரு சிறிய மீனவர் ஊர் 2004இல் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பிடிக்கும் பாறைப் பகுதியின் ஒரு துண்டைச் சில மாதங்களுக்கு மூடியது. பேய்க்கணவாய் வேகமாக வளரும் உயிரி என்பதால், மீண்டும் திறந்தபோது பிடிபட்டவை கண்ணுக்குத் தெரியும்படி பெரியவையாக இருந்தன. அதைப் பார்த்து அயல் ஊர்களும் அவ்வாறே செய்யத் தொடங்கின. பிற்பாடு அவை சேர்ந்து கரையோரப் பரப்பு ஒன்றையே கூட்டாக நிர்வகிக்கும் அளவுக்குப் போயின. பிலிப்பைன்ஸின் அப்போ தீவில் 1982 முதல் பவளப்பாறையின் ஒரு சிறு பகுதியில் மீன் பிடிப்பதில்லை. அது இன்றும் நிற்பதற்குக் காரணம், அந்த இடம் ஊர் மக்களின் கண் முன்னே இருக்கிறது என்பதுதான்.

எங்களுக்கும் அப்படியோர் இடம் இருக்கிறது. கண்டல் மரங்கள் நீருக்குள் வேர் இறக்கி நிற்கும் குடாவில் கோடையில் முழங்கால் ஆழம்தான் இருக்கும். இறால் குஞ்சும் மணலைக் குஞ்சும் கூட்டமாகத் தங்குவது அங்கேதான் என்பதை ஊரில் சிறு பிள்ளையும் அறியும். அதனால்தான் நுண்கண் வலையோடு வருபவரும் முதலில் அங்கே வருகிறார். அந்தக் குடாவின் வாயில் நான்கு மூங்கில் கம்புகளை நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டால், உள்ளே நுழையும் தோணி பகலில் கரையிலிருந்து தெரியும். இரவில் விளக்கு தெரியும். என் முதற் கேள்விக்கு இந்த வழி தெளிவாக விடை சொல்கிறது.

இரண்டாவது கேள்விக்கு அது அவ்வளவு எளிதாக விடை சொல்லவில்லை. அந்தக் குடாவில் இப்போது தொழில் செய்பவர்கள் தோணி இல்லாதவர்கள்: நடந்து இறங்கி வீச்சுவலை எறிகிற முதியவர்கள், ஆழமில்லாத நீரில் இறால் தேடும் சில பெண்கள். நாங்கள் மூடப்போவது அவர்களுடைய சமையலறையை. இதற்கு நான் முன்வைக்கும் ஈடு, குடாவுக்கு வெளியே கம்புகளையொட்டி ஒரு பட்டை நீரை நடந்து பிடிப்பவர்களுக்கு மட்டும் ஒதுக்குவது. அங்கே தோணியும் செவுள் வலையும் வரக்கூடாது. உள்ளே வளர்ந்து வெளியே வரும் மீன் முதலில் கடப்பது அந்தப் பட்டையைத்தான். இடம் இழந்தவருக்கே முதற் பலன் கிடைக்க வேண்டும் என்பது நியாயம் மட்டுமல்லாமல் காவலுக்கும் உதவும், ஏனெனில் குடாவுக்குள் அத்துமீறி நுழைபவரை முதலில் காண்பவர்களும் முதலில் கோபப்படுபவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

மடகாஸ்கரைப் போலச் சில மாதம் மூடித் திறப்பதா, நிரந்தரமாக மூடுவதா என்ற வினாவும் சங்கத்தில் எழுந்தது. நிரந்தரமாகவே மூட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். மூடித் திறக்கும் முறை, வளர்ந்ததை அறுவடை செய்யும் இடத்துக்குப் பொருந்துகிறது. எங்கள் குடா ஒரு நாற்றுமேடை. நாற்றுமேடையைத் திறக்கும் நாளில் நாலு ஊர்த் தோணிகளும் ஒன்றாக வந்து இறங்கினால், பல மாதப் பொறுமை ஓர் இரவில் போய்விடும்.

வலைக்கண் பற்றி எனக்குச் சொந்த நினைவு ஒன்று உண்டு. என் பாட்டனார் நூல் வலை கட்டும்போது கண்ணின் அளவை விரலால் பார்ப்பார். இரண்டு விரல் தடையின்றி நுழையாத கண்ணை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவார். அவர் அதை மீனைக் காக்கும் விதி என்று சொன்னதே இல்லை. சிறு மீனுக்கு விலை இல்லை, வலைக்குப் பாரம் என்பதே அவருடைய கணக்கு. இன்று கடையில் தங்கூசி வலை ஆயத்தமாகக் கிடைக்கிறது. ஒழுங்குவிதிகளால் தடைசெய்யப்பட்ட வலைகளில் ஒன்றாக இருந்தும் கிடைக்கிறது. மலிவானது, நீரில் கண்ணுக்குத் தெரியாதது, அறுந்து தொலைந்தாலும் மக்காமல் கிடந்து மீனைக் கொன்றுகொண்டே இருப்பது. வலைக்கண் விதியின் குறை என்னவென்றால் வலை நீருக்கடியில் இருக்கிறது. ஒவ்வொரு தோணியாகப் போய் அளப்பதற்கு எங்களிடம் ஆளும் இல்லை, ஒருவருடைய தோணியில் ஏறி வலையைத் தூக்கிப் பார்க்கும் துணிவும் எல்லோருக்கும் வராது. இறாலுக்குச் சிறிய கண் தேவை என்ற வாதமும் பொய்யல்ல. ஆனால் அந்தச் சிறிய கண்ணில் இறாலோடு சேர்ந்து பத்து வகை மீனின் குஞ்சும் வருகிறது.

வலையை விட்டுவிட்டுக் கூடையைப் பார்த்தால் இந்தக் குறை பாதி நீங்கும். எந்த மீனும் ஏலம் போடும் இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். அங்கே அதை முதலில் கையில் எடுப்பவர்கள் மீன் வாங்கி விற்கும் பெண்கள். குறித்த அளவுக்குக் குறைந்த மணலையையும் கொடுவாவையும் எங்கள் துறையில் ஏலம் எடுப்பதில்லை என்று அவர்களும் சங்கமும் சேர்ந்து முடிவு செய்தால், சிறுகண் வலைக்கு இலாபம் குறைந்துவிடும். வலை மாற்றச் செலவாகும் என்பதால், பழைய வலையை ஒப்படைப்பவருக்குச் சங்கக் கடனில் புதிய வலை கொடுத்துத் தவணையில் கழிக்கலாம். ஒரே மாரியில் எல்லாரையும் மாற்றச் சொல்வது கொடுமை. இரண்டு வருடம் கொடுக்கலாம்.

தோணிகளை மட்டுப்படுத்தி முறை வைப்பது பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் எங்கள் சங்கத்தில் இதற்கே ஆதரவு அதிகம். நீர்கொழும்புக் களப்பில் வாய்க்காலில் கம்பு நட்டு வலை கட்டி, கடலுக்குத் திரும்பும் இறாலைப் பிடிக்கும் தொழில் இருக்கிறது. நல்ல இடங்கள் சிலவே, விரும்புவோர் பலர். அங்குள்ள நான்கு சங்கங்கள் தங்களுக்குள் நாட்களைப் பிரித்து, உறுப்பினர்களுக்குச் சீட்டுக் குலுக்கி இடம் கொடுக்கின்றன. ஊர் வழக்கமாக இருந்த இந்த ஏற்பாட்டை 1958இல் அரசு ஒழுங்குவிதிகளாகவே ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டின் பழவேற்காட்டு ஏரியில் இதை ஒத்த முறைக்குப் ‘பாடு’ என்று பெயர். எங்கள் மாவட்டங்களின் கடற்கரைகளில் கரையிலிருந்து இழுக்கும் கரைவலைகளின் உரிமையாளரான சம்மாட்டிகளுக்கிடையில் முறை வைத்து வலை வளைக்கும் பழக்கமும் இதே இயல்பு கொண்டதுதான். நல்ல இடத்துக்காக அடிபிடி நடப்பதை இந்த முறைகள் தடுத்திருக்கின்றன. அது சிறிய பேறு அல்ல.

ஆனால் முறை வைப்பது சண்டையைக் குறைக்குமே தவிர வலைகளைக் குறைப்பதில்லை. தென்னிலங்கையின் மாவெல்ல என்ற கரைவலை ஊரைப் பற்றிய ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. அங்கே முறை ஒழுங்காகவே நடந்தது. ஒவ்வொரு வலைக்கும் அதன் நாள் வந்தது. ஆனால் ஒரு நாள் கிடைக்குமென்றால் ஒரு வலை வாங்குவது இலாபம் என்று எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். 1940ஐ ஒட்டிய காலத்தில் முப்பதைச் சுற்றி இருந்த வலைகள் 1971 அளவில் ஏறத்தாழ நூறாகிவிட்டன. பங்கு சமமாகத்தான் இருந்தது. பங்கின் அளவுதான் சுருங்கிக்கொண்டே போனது. எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு இல்லாத முறை, மீனைப் பொறுத்தவரை விதியே இல்லாததற்குச் சமம்.

வரம்பு வைப்பதென்றால் ஒருவரை உள்ளேயும் ஒருவரை வெளியேயும் நிறுத்த வேண்டும். நீர்கொழும்பிலும் பழவேற்காட்டிலும் அந்தக் கோட்டைப் பிறப்பும் சமூகமும் வரைந்தன. பழவேற்காட்டில் ‘பாடு’ முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் மனக்குறை இன்னும் தீரவில்லை. எங்கள் வாவியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே நீரில் வலை போடுகிறார்கள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, நெடுங்காலம் நீரில் இறங்கவே முடியாமல் இருந்து, பிறகு திரும்பி வந்த குடும்பங்களும் இருக்கின்றன. ‘பரம்பரையாகப் பிடிப்பவர்’ என்று ஒரு கோடு கிழித்தால், அது யாரை வெட்டும் என்பதை நாங்கள் நன்கு அறிவோம். அந்தக் கோட்டை எங்கள் சங்கம் தனியாகக் கிழிக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முறை வைக்கும் ஏற்பாட்டை வாய்க்கால் ஒடுங்கும் இடங்களில், கட்டுவலைக்கு மட்டும், இப்போது உள்ள எண்ணிக்கையை ஏற்று மேலும் கூட்டாமல் வைத்துக்கொள்ளலாம். வாவி முழுவதற்கும் அது பொருந்தாது.

குஞ்சு விடுவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான அரச நிறுவனமான நக்டா வாவிகளிலும் குளங்களிலும் மீன் குஞ்சும் இறால் குஞ்சும் விடுவது பயனுள்ள பணிதான். எவருக்கும் இழப்பில்லாததால் அதை எவரும் எதிர்ப்பதும் இல்லை. ஆனால் கடலிலிருந்து தாமாக வரும் குஞ்சுகளையே வளரவிடாத வலைகளுக்கு நடுவில் வாங்கிய குஞ்சை விடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். குடாவை மூடிய பிறகு கேட்கலாம். அதற்கு முன் வேண்டாம்.

இனி, எந்த விதியானாலும் அது அயலூர்த் தோணியைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி. சங்கத் தீர்மானம் சங்க உறுப்பினரைத்தான் கட்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தில் முகாமைத்துவப் பகுதிகளைப் பிரகடனம் செய்யவும், பதிவு பெற்ற மீனவர்கள் குழுக்கள் அமைக்கவும், தடைக்காலமும் ஒதுக்கிடமும் விதிக்கவும் இடம் இருக்கிறது. வர்த்தமானியில் வந்தால் விதிக்குப் பல் முளைக்கும். ஆனால் ஊர்களுக்கிடையில் உடன்பாடு இல்லாமல் மேலிருந்து வந்த வர்த்தமானி, மீறுபவனைப் பிடிக்க அதிகாரி வரும் நாளில் மட்டும் உயிர் பெறும்.

அந்த உடன்பாட்டுக்கு நாங்கள் தொலைதூரம் போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. எங்கள் வயற்காரர்கள் ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறார்கள். விதைப்புத் தொடங்கும் திகதி, முடிக்கும் திகதி, வயல்வெளியிலிருந்து மாடுகளை அகற்றும் திகதி, நீர் திறக்கும் நாள் ஆகிய யாவும் அதிகாரிகள் முன்னிலையில் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. வயலில் அதைக் கண்காணிக்க வட்டவிதானை இருக்கிறார். மாட்டுக்காரருக்கும் வயற்காரருக்கும் நலன் ஒன்றல்ல; ஆயினும் இருவரும் ஒரே கூட்டத்தில் இருந்து திகதியை ஒப்புக்கொள்கிறார்கள். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதிலும் வெள்ளம் தாழ்ந்த வயலை மூழ்கடிக்கும் என்று அஞ்சும் விவசாயியும், வாவியின் உப்பும் மீனும் போய்விடும் என்று அஞ்சும் மீனவரும் முட்டிக்கொண்டே ஒரு முடிவுக்கு வருகிறார்கள். வாவி மீனுக்கும் அத்தகைய ஒரு பருவக் கூட்டம், இரு கரை ஊர்களையும் சேர்த்து, மாரிக்கு முன் ஒவ்வொரு வருடமும் கூட வேண்டும். மீன் விற்கும் பெண்களுக்கு அதில் ஆசனமும் வாக்கும் இருக்க வேண்டும். கூடைக் காவல் அவர்கள் கையில் இருக்கும்போது தீர்மானம் அவர்கள் இல்லாமல் எழுதப்படக்கூடாது.

ஆகவே சங்கத்துக்கு நான் பரிந்துரைப்பது இது. கண்டல் குடாவை நிரந்தரமாக மூடி, அதன் வெளிப்பட்டையை நடந்து பிடிப்பவர்களுக்கு ஒதுக்குவோம். மணலை, கொடுவா இரண்டுக்கும் ஏலத்தில் குறைந்த அளவு வைப்போம். சினை நண்டை விடுவோம். வேறு மீன்களுக்கு அளவு வைப்பதை இரண்டு வருடம் கழித்துப் பார்ப்போம். முதன்முறை மீறுபவருக்கு அபராதம் வேண்டாம்; அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் பேசுவோம். இரண்டாம் முறை வலையை ஒரு மாதம் சங்கத்தில் வைத்திருப்போம். மூன்றாம் முறைதான் கடற்றொழில் திணைக்களத்துக்கு அறிவிப்பது. ஒவ்வொரு பௌர்ணமியன்றும் குடாவின் வெளிப்பட்டையில் ஒரே வீச்சுவலையால் பத்து வீச்சு வீசி, விழுவதை வகைவாரியாக எண்ணி, அளந்து எழுதுவோம். அந்தப் புத்தகத்தை நான் எழுதத் தயாராக இருக்கிறேன். விதி பலன் தருகிறதா என்று வாதாடும் நாளில் எங்கள் கையில் எங்களுடைய எண்களே இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் வரிசை தவறிவிடக்கூடாது. திணைக்களத்துக்குக் கடிதம் எழுதுவதற்கும், குடாவில் கம்பு நடுவதற்கும் முன், சங்கத்தின் தலைவரும் மூத்தவர்கள் சிலரும் தோணியில் எதிர்க்கரைக்குப் போக வேண்டும். அங்குள்ள இரண்டு ஊர்களின் தோணிகளும் இதே குடாவுக்கு வருகின்றன. கம்பை அவர்களுடைய கையும் சேர்ந்து நட வேண்டும்; எந்த இடத்தில் நடுவது என்பதை அவர்கள் திருத்தச் சொன்னால், சில பாகத் தூரம் உள்ளே தள்ளி நடவும் நாங்கள் ஆயத்தமாகப் போக வேண்டும்.